பற்றவைப்பில் மறைந்த பழுது

மண்பானை வாங்குவோர் அதனை விரலாற் சுண்டிப் பார்த்தே வாங்குவர். கணீரென ஒலித்தால் நற்பானை. மங்கிய ஒலி எழுந்தால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத குற்றத்தைச் செவி அறிந்துகொள்கின்றது. இரும்பை இரும்போடு பற்றவைத்த இடங்களிலும் ஒலியாற் குற்றம் தேடும் முறை ஒன்று இன்று வழங்குகின்றது. அதன் இயல்பையும், நம் மதுரை ரயில்வே கோட்டத்தில் அது பயன்பட்ட ஓரிடத்தையும் இங்கு ஆராய்வோம்.

முன்னாளிற் பாலங்களின் உறுப்புக்களை ரிவெட் ஆணிகளாற் பிணைத்தனர். அவற்றில் ஒரு தகட்டிற் கீறல் தோன்றினால், அது பெரும்பாலும் அத்தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கட்டமைப்போ முழுவதும் ஓருடல் போன்றது. ஓரிடத்துக் கீறல் தடையின்றி ஓடவுங்கூடும். 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றவாறே பேரொலியோடு நடுவிற் பிளந்தது. உருக்கின் நொறுங்கும் இயல்பும் குறையுள்ள பற்றவைப்பும் அதற்குக் காரணங்களெனக் கண்டனர்.

பற்றவைப்பில் நேரும் குற்றங்கள் பலவாம். காற்றுக் குமிழும் கசடும் பருமனுடையவை; எக்ஸ் கதிர்ப் படத்தில் அவை நன்கு தெரியும். உருகிய உலோகம் தகட்டின் விளிம்போடு கலவாமையும், கீறலும் தாளினும் மெல்லியவை. கதிர் செல்லும் திசைக்குச் சாய்வாக அமையின், அவை படத்திற் சிக்காது நழுவிவிடும். பெருந்தீங்கு விளைப்பவையும் அவையே. அவற்றைத் தேடவே ஒலி வேண்டப்படுகின்றது.

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கவல்லது. அதற்கு மேற்பட்டதனைக் கேளா ஒலி என்பர். பற்றவைப்புச் சோதனைக்குப் பெரும்பாலும் நொடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அதிர்வுடைய ஒலியைக் கையாள்கின்றனர். 'புரோப்' என்னும் சிறு கருவி மின்துடிப்பால் அதிர்ந்து அவ்வொலியை எழுப்பும். இடையிற் காற்று இருப்பின் ஒலி இரும்பினுட் புகாது. ஆதலின் நீரோ பசையோ தடவுவர். இச்சோதனையிற் பெரிதும் பயன்படும் குறுக்கலை, உருக்கினுள் நொடிக்குச் சுமார் 3,200 மீட்டர் ஓடும். வழியிற் பிளவு எதிர்ப்பட்டால் எதிரொலி மீளும். அது சென்று மீண்ட நேரத்தைக் கொண்டு பிளவு இருக்குமிடத்தைக் கணித்துவிடலாம். கேளா ஒலியால் உலோகத்தின் குற்றம் காணலாம் என்னும் கருத்தை 1928-இல் வெளியிட்டவர் சோவியத் அறிஞர் சோகலோவ் ஆவார்.

ஆயினும் இம்முறைக்கு ஒரு தடை உண்டு. சாய்த்து வைத்த கண்ணாடியில் நம் முகம் நமக்குத் தெரியாதவாறு போல, சாய்ந்த பிளவிற் பட்ட ஒலியும் வேறு திசையிற் சென்றுவிடும். பிளவு விடையளிக்க வேண்டுமாயின், தக்க கோணத்தினின்று அதனை வினவுதல் வேண்டும். ஆதலின் 45, 60, 70 பாகைக் கருவிகளை மாற்றி மாற்றி வைத்துத் தேடினர்.

இத்தொல்லையைக் குறைத்ததே 'பேஸ்டு அரே' எனப்படும் வரிசை முறை. வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியிற் சிறுவர் பலர் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் நீரிற் கல்லிடுவதாகக் கொள்வோம். சிற்றலைகள் ஒன்றுகூடி நேர் முன்னே செல்லும். இடக்கோடியில் தொடங்கி ஒருவர்பின் ஒருவராக இட்டாலோ, கூடிய அலை வலப்புறமாகச் சாய்ந்து செல்லும். இடைவேளையை மாற்றினாற் சாய்வும் மாறும். இவ்வாறே ஒரே புரோப்பினுள் 16, 32 அல்லது 64 சிற்றுறுப்புக்கள் வரிசையாக அமைகின்றன. அவை ஒலிக்கும் நேரத்தைக் கணிப்பொறி சிறிது சிறிதாக மாற்ற, ஒலிக்கற்றை பல கோணங்களிலும் விசிறிபோல் விரிந்து தேடும். மீண்ட எதிரொலிகள் பற்றவைப்பின் உட்படமாகத் திரையில் தோன்றும்.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் பற்றவைப்புக்களை இம்முறையாற் சோதித்தனர். 2 கிலோமீட்டரினும் சற்று நீண்ட அப்பாலத்தில், 18.3 மீட்டர் அளவுள்ள 99 கண்களும், கப்பல்களுக்கு வழிவிட நேர்மேலே எழும் 72.5 மீட்டர்க் கண் ஒன்றும் உள்ளன. அங்கு உப்புக்காற்று இரும்பை ஓயாது அரிக்கும். ஓடும் வண்டியின் பாரம் மறைந்த கீறலைச் சிறுகச் சிறுக நீட்டும். ஆதலின் குற்றத்தைத் தொடக்கத்திலேயே காணுதல் இன்றியமையாததாயிற்று.

எனினும் கருவி காட்டுவது படமே. தீர்ப்புக் கூறுபவன் மனிதன். பற்றவைப்பின் வடிவமும் எதிரொலி தரும். எதிரொலி யாவும் குற்றமல்ல. நல்லதனைப் பழுதென்றால் வீணே வெட்டி மீண்டும் பற்றவைக்க நேரும். பழுதினை நல்லதென்றால் உயிர்ச்சேதம் நேரும். ஆதலின் அளவறிந்த துளைகளுடைய உருக்குக் கட்டியில் முதலிற் கருவியைச் சரிபார்த்த பின்னரே சோதனை தொடங்குவர். 1975-இல் திருச்சியில் நிறுவப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சோதனைகளிற் பயிற்சியும் அளித்து வருகின்றது.

மதுரையிலிருந்து இராமேசுவரத்துக்கு வண்டியேறும் யாத்திரிகரும், வணிகரும், மாணவரும் பாலத்தின்மீது கடலழகைக் கண்டு மகிழ்வர். காலடியிலுள்ள பற்றவைப்புக்களை நினையார். அவர் நினையாதிருத்தற்கு, முன்னரே ஒருவர் அவற்றை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, கண்டதனைக் கண்டவாறே எழுதி வைத்திருத்தல் வேண்டும். பாலத்தைத் தாங்குவது உருக்கு மட்டுமன்று, அவ்வுண்மையும் ஆகும்.