நேரம் தவறும் வால்வுகள்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம், சமணக் கோயில்களுக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற ஊர். தறியில் நெசவாளர் மிதியை அழுத்தியதும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அவ்விடைவெளியில் நாடா பாய்கிறது. நூல்கள் பிரியுமுன் நாடா பாய்ந்தால் பாவு அறும். காலுக்கும் கைக்கும் உள்ள இந்த இசைவு மகிழுந்தின் எஞ்சினுக்கும் இன்றியமையாதது. அங்கு இசைவு கெட்டால் அறுவது நூலன்று, வளைவது வால்வு.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடச் செய்வது கேம் தண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் முன்னது இருமுறை சுழல, பின்னது ஒருமுறை சுழலும். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறக்கிறது! இதே மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உருவாகத் தொடங்கிய சான்ட்ரோவில், இவ்விரு தண்டுகளையும் பற்களுடைய டைமிங் பெல்ட் இணைத்தது. இன்றைய கார்கள் பலவற்றில் அப்பணியைச் சங்கிலி செய்கிறது.

கிராங்க் பற்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். பெல்ட் ஒரு பல் நழுவினாலே 18 பாகை பிழை நேர்ந்துவிடும். எஞ்சின் எளிதில் உயிர்பெறாது, நின்ற நிலையில் நடுங்கும், மேட்டில் திணறும். சில எஞ்சின்களில் பிழை மிகுந்தால், மூடாத வால்வின்மீது பிஸ்டனே மோதிவிடும். எனவே பெல்ட் அறுந்த வண்டியை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல்வது கேட்டைப் பெருக்கும்.

கணினிக் கருவியை இணைத்தால் பி 0016 என்னும் குறியீடு தோன்றலாம். உடனே உணரியை மாற்றுவோர் பலர், வீண் செலவு. இரு தண்டுகளின் நிலைகள் பொருந்தவில்லை என்பதையே அக்குறியீடு தெரிவிக்கிறது, காரணத்தைத் தெரிவிப்பதில்லை. எனவே எளியதிலிருந்து தொடங்குதல் வேண்டும். முதலில் ஆயிலின் அளவையும் தூய்மையையும் காணவேண்டும். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றியமைக்கும் எஞ்சின்களில் கசடு அடைத்தாலும் இப்பிழை எழும். பிறகு உணரியின் கம்பிகளையும் இணைப்புகளையும் ஆராயவேண்டும். காலையில் முதன்முறை இயக்கும்போது சங்கிலிப் பக்கம் கலகலவென ஒலித்தால், சங்கிலி நீண்டிருக்கலாம். அதனை இறுக்கும் உறுப்பு தளர்ந்திருக்கலாம். அடுத்து உருளைகளின் அமுக்க அளவு. ஓர் உருளையில் மட்டும் குறைந்திருந்தால் குறை அவ்வுருளையில். எல்லாவற்றிலும் ஒருசேரக் குறைந்திருந்தால் வால்வு நேரத்தின்மேல் ஐயம் வலுக்கும்.

அதன்பின்னரே மூடியைக் கழற்றிப் பற்சக்கரக் குறிகளைப் பார்க்கவேண்டும். புதிய பெல்ட் பூட்டியதும் ஸ்டார்ட் செய்தல் கூடாது. கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச்சுற்று மெல்லத் திருப்பவேண்டும். தடை தட்டுப்படாமல், குறிகள் மீண்டும் நேர்கோட்டில் வந்து நின்றால் சாவியைத் திருப்பலாம்.