பழைய பொருள் சந்தைக்குச் சட்டத்தின் நிழல் கிடைக்குமா?

புது தில்லி: மகாராஷ்டிரத்தில் புணே நகரை ஒட்டியுள்ள சாங்வியில் வாடகைக்குக் குடியேறும் ஒரு தொழிலாளர் குடும்பம் கட்டில், மின்விசிறி, பாத்திரம், குழந்தைக்கு சைக்கிள் என அனைத்தையும் புதிதாக வாங்குவது எளிதல்ல. அத்தகைய குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை பழைய பொருள் கடைகளும், புணேயின் "ஜுனா பஜார்" சந்தையும்தான். இதுபோன்ற சந்தைகளைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. எனினும், அதன் பயன் கிடைப்பது உள்ளாட்சி அமைப்புகளின் கையிலேயே உள்ளது.

சாங்வி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உள்பட்ட பகுதி. அருகிலுள்ள தாபோடியில் மெட்ரோ ரயில் ஏறி, சிவில் கோர்ட் நிலையத்தில் வேறு ரயிலுக்கு மாறினால், அடுத்த நிலையம் மங்கள்வார் பேட். "செவ்வாய்ப் பேட்டை" என்று பொருள்படும் இப்பகுதியில் சந்தை கூடுவதோ புதன், ஞாயிறு ஆகிய இரு நாள்களில்! மராத்தியில் "ஜுனா" என்றால் பழையது.

ஸ்பேனர், சுத்தியல், பூட்டு, குழாய், பித்தளைப் பாத்திரம், சுவர்க் கடிகாரம், காலணி, துணிமணி என அனைத்தும் தரையில் பரப்பப்பட்டிருக்கும். பட்டறைத் தொழிலாளி தனக்கு வேண்டிய கருவியைத் தேடுவார். நாணயம் சேகரிப்பவர் செல்லாக் காசுகளைக் கிளறிக் கொண்டிருப்பார். விலைப்பட்டியல் கிடையாது, பேரம்தான். உத்தரவாதமும் கிடையாது என்பதால், மின்சாதனங்களை இயக்கிப் பார்த்து வாங்குவதே நல்லது.

சட்டம் சொல்வது என்ன?

தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் 2013 செப்டம்பர் 6-ம் தேதியும், மாநிலங்களவையில் 2014 பிப்ரவரி 19-ம் தேதியும் நிறைவேறியது. அதே ஆண்டு மே 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடும் இடத்தை "இயல்பான சந்தை" என இச்சட்டம் அங்கீகரிக்கிறது. கணக்கெடுப்பில் அவ்வாறு அடையாளம் காணப்பட்ட சந்தையை, வியாபாரத்துக்குத் தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கூடாது. 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடைபெறும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும். அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்றும் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது.

தில்லி தந்த பாடம்

சட்டம் இருந்தும் சந்தை இடம் மாறியதற்குத் தலைநகரிலேயே உதாரணம் உண்டு. தரியாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகளாக ஞாயிறுதோறும் நடைபெற்று வந்த பழைய புத்தகச் சந்தை, போக்குவரத்து நெரிசல் பிரச்னையை அடுத்து, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2019 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வியாபாரிகளின் போராட்டத்துக்குப் பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட் வளாகத்தில் இடம் ஒதுக்கப்பட்டது.

தமிழக வாசகர்களுக்கு சென்னை மூர் மார்க்கெட் நினைவுக்கு வரலாம். 1985-ல் தீக்கிரையான அச்சந்தையின் இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. வியாபாரிகளுக்கு மாற்று இடம் கிடைத்தது. பழைய கூட்டம் திரும்பவில்லை.

கணக்கெடுப்பே அடிப்படை

எனவே, வியாபாரிகளின் பாதுகாப்புக்கு அடிப்படை கணக்கெடுப்புதான். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் இதனை நடத்த வேண்டும் என்கிறது சட்டம். இப்பணியை மேற்கொள்ளும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும்.

வாரத்தில் இரண்டே நாள் கூடும் சந்தைக்குச் சிக்கல் இங்குதான். கணக்கெடுப்போர் திங்கள்கிழமை வந்தால் அங்கு இருப்பது வெறும் சாலை மட்டுமே. சந்தை நாளில் வந்து பதிவு செய்தால்தான் வியாபாரிக்குச் சான்றிதழ் கிடைக்கும்; சான்றிதழ் இருந்தால்தான் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியும்.

வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. திருட்டுப் பொருள் எனத் தெரிந்தே வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 317-வது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். பழைய கைப்பேசியை வாங்குமுன் அதன் ஐஎம்இஐ எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் சரிபார்க்கலாம்.

ஒரு வீட்டில் வேண்டாம் என ஒதுக்கிய பொருள் மற்றொரு வீட்டின் தேவையை நிறைவேற்றுவது இத்தகைய சந்தைகளால்தான். சாங்விவாசிகள் உள்பட ஏராளமானோர் நம்பியிருக்கும் இவற்றுக்காகப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டம் சந்தை நாளில் அங்கு வந்து சேர்ந்தாலே போதும்.