ஆறாத காற்புண்ணும் உறிஞ்சு சிகிச்சையும்

நின்று உழைக்கும் கால்கள்

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கியில் சீனவலை இழுப்போரும், பொக்காளி நெல் வயலிலும் இறால் பண்ணையிலும் இறங்குவோரும், அயலிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் 1976-இல் கட்டப்பட்ட சலவைக் கூடத்தில் துணி வெளுக்கும் நம் தமிழ் மக்களும் நின்ற நிலையிலேயே ஜீவனம் நடத்துபவர்கள். இத்தகையோருள் ஒருவருக்குக் கணுக்காலருகே புண் தோன்றி, மாதங்கள் பல கடந்தும் ஆறாதிருக்கையில், அதை விதியென்று பொறுத்துக்கொள்வதும், கண்டதைத் தடவித் துணி சுற்றி மறைத்துவைப்பதும் இன்னும் வழக்கமாயிருப்பது மிகுந்த துயரத்துக்குரியது.

புண்ணின் மூலம்

ஆறாத காற்புண்ணின் மூலகாரணம் பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. நெடுநேரம் நிற்பதாலும் பரம்பரையாலும் கால் சிரைகளின் வால்வுகள் தளர்ந்துவிடுமாயின், இருதயத்தை நோக்கி மேலேற வேண்டிய இரத்தம் கணுக்காலிலேயே தேங்கித் தோலைக் கருக்கச் செய்து, பெரும்பாலும் கணுக்காலின் உட்புறத்தில் புண்ணாக வெளிப்படுகிறது. நீரிழிவுக்காரர்க்கோ நரம்புணர்ச்சி குன்றுவதால் உள்ளங்காலில் முள் தைத்ததும் தெரிவதில்லை. புகையிலையால் தமனி குறுகியவர்க்குப் புண் ஆறுவதற்குரிய இரத்தமே போதிய அளவு வந்து சேர்வதில்லை. கொச்சிக் கரையில் நெடுங்காலம் பரவியிருந்த யானைக்கால் நோயும் நிணநீரைத் தேக்கி, விரலிடுக்கின் வெடிப்புகள் வழியே கிருமிகளுக்கு இடமளிக்கிறது. ஆகவே சர்க்கரைப் பரிசோதனையும், இரத்தநாளங்களை ஆராயும் டாப்ளர் ஸ்கேனும் முடிந்த பின்னரே சிகிச்சையின் மார்க்கம் நிர்ணயமாக வேண்டும். பல்லாண்டுப் புண்ணாயின், புற்றுநோய் படர்ந்துள்ளதா என்று சதைத் துணுக்கெடுத்துப் பார்ப்பதும் அவசியமாகலாம்.

கருவி செய்யும் பணி

அமெரிக்க அறுவை மருத்துவர் லூயிஸ் அர்ஜென்டாவும் ஆய்வாளர் மைக்கேல் மோரிக்வாஸும் 1997-இல் விரிவாக வெளியிட்ட உறிஞ்சு சிகிச்சை முறையில், இறந்த தசையை முதலில் அகற்றி, புண்ணின் வடிவுக்கேற்ப வெட்டிய நுரைப்பஞ்சை அதில் வைத்து, காற்றுப் புகாதபடி மெல்லிய படலத்தால் மூடி, ஒரு குழாயின் வழியே சிறு கருவியொன்றால் உறிஞ்சுவர். பொதுவாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிகழும் இவ்வுறிஞ்சுதலால் கசியும் நீர் கலத்தில் சேர, வீக்கம் வடிந்து, விளிம்புகள் நெருங்கி, செந்நிறப் புதுத்தசை வளர்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றி, புண்ணின் படுகை பக்குவமானபின் தோலை ஒட்டவைப்பதும் உண்டு.

நெதர்லாந்தில் 60 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கட்டுடன் புண் ஆற இடைமதிப்பாக 45 நாட்களும், இக்கருவியுடன் 29 நாட்களும் ஆயின. ஆயினும் ஓராண்டுக்குள் புண் மீண்டும் வந்த விகிதத்தில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கருவி புண்ணை ஆற்றுவதைத் துரிதப்படுத்துகிறதேயன்றி, தளர்ந்த சிரையைச் சீர்ப்படுத்துவதில்லை என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

எச்சரிக்கை

புற்றுநோய் கலந்த புண்ணுக்கும், எலும்பின் கிருமித்தொற்றுக்குச் சிகிச்சை பெறாதவர்க்கும், கருத்த இறந்த தசை நீங்காத இடத்துக்கும், இரத்தநாளம் வெளித்தெரியும் இடத்துக்கும் இம்முறை ஆகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர்க்கு மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். குழாயில் செங்குருதி பாய்ந்தால் உடனே கருவியை நிறுத்தி, புண்ணை அழுத்திப் பிடித்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கருவி நின்றிருந்தால், அந்தக் கட்டைப் புண்ணின்மேல் விட்டுவைக்கலாகாது.

நித்திய பராமரிப்பு

சிரைப் புண்ணுக்கு அஸ்திவாரம் அழுத்தக் கட்டேயாகும். தமனியில் அடைப்பில்லை என்று உறுதியானபின் அதனைக் கட்டி, ஆறிய பிறகும் அழுத்தக் காலுறை அணிந்து, ஓய்வில் காலை உயர்த்திவைத்து, வேண்டின் லேசர் முதலிய முறைகளால் சிரையைச் சீர்செய்துகொள்ளவேண்டும். யானைக்கால் உடையோர் நாள்தோறும் சோப்பால் காலைக் கழுவி விரலிடுக்கை உலர்த்துவதன் பயனை, அண்டையிலுள்ள ஆலப்புழை மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியே வலியுறுத்தியுள்ளது.

மாதவிடாய்க் கிண்ணங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்து, 2022-இல் நாட்டின் முதல் சானிட்டரி நாப்கின் இல்லாக் கிராமமாக அறிவிக்கப்பட்ட கும்பளங்கி, கூச்சத்துக்குரியதென ஒதுக்கப்பட்ட விஷயத்தையும் ஊரார் கூடிப் பேசினால் மாற்றம் விளையும் என்று காட்டியிருக்கிறது. காற்புண்ணையும் அவ்வாறே வெளிப்படப் பேசுவோம். ஆறு வாரத்தில் ஆறாத புண்ணை, வலியில்லை என்பதற்காகவும் வேலை கெடும் என்பதற்காகவும் ஒத்திப்போடாமல், மருத்துவரிடம் காட்டி அதன் காரணத்தைக் கேட்டறிவோம்.