கடிவாளமா, கிரீடமா?

எங்கள் கிளைக் கடைக்கு அண்மையில் ஒரு முகாமையாளரை நியமித்தோம். அவருக்கான கடிதத்தை என் மகன் ஆங்கிலத்தில் தயாரித்தான். கடையின் அன்றாட விடயங்களில் அவருக்கு 'பிரீ ரெயின்' வழங்கப்படுகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. சாமான் வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம், "பிழை இருக்கிறதா பாருங்கள் சேர்" என்று கொடுத்தேன். வாசித்தவர் சிரித்துவிட்டார்.

"ஹாஜியார், இவருக்கு வேலை கொடுக்கிறீர்களா, முடிசூட்டுகிறீர்களா?"

ஆங்கிலத்தில் 'ரெயின்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் மூன்று உண்டு. ஒன்று மழை. மற்றொன்று மன்னரின் ஆட்சி. இதன் நடுவே 'ஜி' என்ற எழுத்து வரும். மூன்றாவது குதிரையின் கடிவாள வார். இதில் 'ஜி' இல்லை. 'பிரீ ரெயின்' என்ற மரபுத் தொடரில் வருவது இந்தக் கடிவாள வார்தான். காதால் மட்டும் கேட்டவர்கள் அதை ஆட்சி என்று நினைத்து 'ஜி' போட்டு எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்தப் பிழையை விடுகிறார்கள்.

இரண்டு சொற்களும் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. ஆட்சியைக் குறிக்கும் சொல்லின் வேர் அரசாட்சி. வாரைக் குறிக்கும் சொல்லின் வேருக்கு இழுத்துப் பிடித்தல் என்று பொருள்.

கரடுமுரடான பாதையில் குதிரை தலையைத் தாழ்த்தி, காலடி பார்த்து நடக்க வேண்டும். அதற்காகக் குதிரைக்காரர் வாரைத் தளர்த்திக் கொடுப்பார். இதிலிருந்தே அந்தத் தொடர் வந்தது. குதிரை சுதந்திரமாக நடக்கும். ஆனால் வாரின் நுனி அவர் கையில்தான் இருக்கும். ஆட்சியைக் கொடுத்தவர் கையிலோ எதுவும் மிஞ்சாது.

இந்த ஓர் எழுத்து வித்தியாசம் எனக்கு ஒரு கடையையே இழக்க வைத்தது. பல வருடங்களுக்கு முன்னர் இரண்டாவது கடையொன்றைத் திறந்து, உறவுக்காரத் தம்பி ஒருவரிடம் "எல்லாம் உன் பொறுப்பு" என்று ஒப்படைத்தேன். கணக்குக் கேட்டால் மனம் நோவார் என்று ஒன்றரை வருடம் கேட்கவே இல்லை. பிறகு போய்ப் பார்த்தால் சாமான் பாதியாகக் குறைந்திருந்தது. கடன் கொப்பிகள் மட்டும் மூன்று நிறைந்திருந்தன. அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்திருந்தார். எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று நான் சொல்லியிருக்கவில்லை. கடையை மூடினேன். காசு போனதை விட, இன்றும் அவர் என் முகம் பார்க்கக் கூச்சப்படுவதுதான் எனக்குப் பெரிய நட்டம்.

நமது மார்க்கம் இதற்கு முன்பே வழி காட்டியிருக்கிறது. முழாரபா வியாபாரத்தில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். உழைப்பவருக்குச் சுதந்திரம் உண்டு. ஆனாலும் முதலாளியின் அனுமதியின்றி அவர் கடனுக்கு விற்கக் கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். கதீஜா (ரலி) அவர்கள் தமது வியாபாரப் பொருட்களை நபி (ஸல்) அவர்களிடம் நம்பி ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பியபோது, பணியாளர் மைசராவையும் உடன் அனுப்பியதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. நம்பிக்கையும் மேற்பார்வையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளக் கட்டளையிடும் வசனம்தான் (2:282) அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதையும் வியாபாரிகளாகிய நாம் மறந்துவிடலாகாது.

ஆசிரியர் சொன்னபடி கடிதத்தில் 'ஜி'யை வெட்டினோம். அத்துடன் நான் மூன்று வரிகள் சேர்த்தேன். கடன் இன்ன தொகைக்கு மேல் போனால் என்னைக் கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து இருப்பு எடுக்க வேண்டும்.

புதிய முகாமையாளர் முகம் சுளிப்பாரோ என்று பயந்தேன். அவர் வாசித்து முடித்து, "இப்போதுதான் ஹாஜியார் நிம்மதி. எதை நானே செய்யலாம், எதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று தெரிகிறது" என்றார்.

அன்று அந்தத் தம்பிக்கும் நான் இப்படி ஒரு கடிதம் கொடுத்திருக்க வேண்டும். கிளை திறக்க எண்ணியிருக்கும் சகோதரர்கள், சாவியைக் கொடுக்கும் முன் இந்த மூன்று வரிகளையும் எழுதிக் கொடுங்கள்.