காமிராவும் கையுமாக ஒரு வாழ்க்கை

காந்தியடிகள் தரையில் அமர்ந்து தாள்களைப் படித்துக் கொண்டிருக்க, முன்புறத்தில் கைராட்டை பெரிதாகத் தோன்றும் நிழற்படத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதை எடுத்தவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. மார்கரெட் பர்க்-வைட் என்பது அவர் பெயர். செய்திப் படக்கலையில் பெண்கள் மிக அரிதாக இருந்த காலத்தில் முன்னணிக்கு வந்த அவருடைய வரலாற்றை நாம் அறிந்து கொள்வது நல்லது.

மார்கரெட் 1904-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை அச்சு இயந்திரங்களை வடிவமைத்த பொறியியலாளர். சிறுமியாக இருந்தபோது தந்தையுடன் ஒரு வார்ப்படச் சாலைக்குச் சென்ற மார்கரெட், உருகிய உலோகம் தீப்பொறி பறக்க ஓடும் காட்சியைக் கண்டு வியந்தார். அந்த வியப்பு அவரை விட்டு நீங்கவே இல்லை. கல்லூரியில் அவர் விரும்பிப் படித்தது பாம்பு முதலிய ஊர்வன பற்றிய பாடம்! தந்தை 1922-இல் காலமானார். பல கல்லூரிகள் மாறி, 1927-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், பொழுதுபோக்காகப் பழகிய படக்கலையையே தொழிலாகக் கொண்டார்.

கிளீவ்லாந்து நகரின் ஓட்டிஸ் எஃகு ஆலையில்தான் அவருடைய முதல் பெருஞ்சோதனை நிகழ்ந்தது. எஃகு ஆலை பெண்களுக்கு ஏற்ற இடமன்று என்று கருதப்பட்ட நாட்கள் அவை. அனுமதி கிடைத்த பின்னும் படங்கள் சரியாக விழவில்லை. காரணம் என்ன? அக்காலத்துப் படச்சுருள் நீல ஒளியை நன்கு ஏற்குமே தவிர, சிவப்பு ஒளியை ஏற்காது. உருகிய எஃகோ செந்நிறமாக ஒளிர்வது. கண்ணுக்குப் பேரொளியாகத் தெரிந்தது படச்சுருளில் வெறும் இருளாகவே பதிந்தது. மார்கரெட் சோர்ந்துவிடவில்லை. மக்னீசியத் தீவட்டிகளைக் கொளுத்தி, அவற்றின் வெண்ணொளியில் மீண்டும் மீண்டும் முயன்று வெற்றி கண்டார். அப்படங்களைக் கண்ட பதிப்பாளர் ஹென்றி லூஸ், 1929-இல் தம் ‘ஃபார்ச்சூன்’ இதழில் அவரைச் சேர்த்துக் கொண்டார்.

1936 நவம்பர் 23-இல் ‘லைஃப்’ வார இதழ் பிறந்தது. அதன் முதல் அட்டையில் வந்தது மார்கரெட் எடுத்த ஃபோர்ட் பெக் அணையின் படமே. அணை கட்டுவதைப் படமெடுத்து வரும்படிதான் அவரை மான்டானா மாநிலத்திற்கு அனுப்பியிருந்தார்கள். அவரோ அணையோடு நில்லாமல், அதைக் கட்டிய தொழிலாளர் வாழ்ந்த குடிசை ஊர்களையும் அவர்களது குடும்பங்களையும் படமெடுத்து வந்தார். இயந்திரத்தின் அழகில் மயங்கிய கண்கள் மனிதர் பக்கம் திரும்பியதை இதில் நாம் காண்கிறோம்.

அடுத்து, எழுத்தாளர் எர்ஸ்கின் கால்டுவெலுடன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சுற்றி, ஏழை உழவர்களைப் படமெடுத்தார். 1937-இல் அது நூலாக வந்து புகழ் பெற்றது. ஆயினும் இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்நூலில் படங்களுக்குக் கீழே உழவர்களே பேசுவது போன்ற வரிகள் இருக்கின்றன. அவை அவர்கள் சொன்னவை அல்ல, ஆசிரியர்களாகிய தாங்களே எழுதியவை என்று நூலின் தொடக்கத்திலேயே இருவரும் கூறிவிடுகிறார்கள். படம் உண்மையாக இருக்கலாம்; அதன் கீழுள்ள சொற்கள் வேறொருவருடையவையாக இருக்கலாம். துன்பப்படுவோரைப் படமெடுக்கும் எவரும் எண்ண வேண்டிய செய்தி இது.

இரண்டாம் உலகப்போரில் அவருடைய துணிவு வெளிப்பட்டது. 1941-இல் ஜெர்மானியர் மாஸ்கோவின் மீது குண்டு வீசியபோது அங்கிருந்து படமெடுத்தார். 1942 டிசம்பரில் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்ற அவருடைய கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. உயிர்காப்புப் படகில் தப்பிய நிலையிலும் காமிராவை அவர் கைவிடவில்லை. அடுத்த மாதமே குண்டுவீச்சு விமானத்தில் ஏறிப் போர்க்களத்தின் மேல் பறந்தார். 1945-இல் புக்கன்வால்ட் சிறை முகாமில் கண்ட கொடுமைகளை உலகுக்குக் காட்டினார். தமக்கும் அக்காட்சிக்கும் இடையே காமிரா ஒரு திரையாக இருந்ததால்தான் அங்கே பணி செய்ய முடிந்தது என்று பின்னர் எழுதினார்.

1946-இல் இந்தியா வந்தார். காந்தியடிகளைப் படமெடுக்க வேண்டுமானால் முதலில் இராட்டையில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடிகளின் செயலாளர் கூறிவிட்டார். மார்கரெட் கற்றார். அன்று அடிகளுக்கு மௌன நாள். அறையில் ஒளி குறைவு. மூன்றே மூன்று ஒளிவிளக்குகளுக்குத்தான் அனுமதி. முதல் இரண்டு முயற்சிகளும் வீணாயின. மூன்றாவதில் கிடைத்ததே நாம் காணும் படம். 1947-இல் நாட்டுப் பிரிவினையின்போது பஞ்சாபில் நடந்து சென்ற அகதிகளின் துயரையும் அவர் பதிவு செய்தார். 1948 ஜனவரி 30-இல் அடிகள் கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அவரைப் பேட்டி கண்டவரும் இவரே.

ஏறக்குறைய 1953-இல் நடுக்குவாத நோய் அவரைப் பற்றியது. காமிராவை அசையாமல் பிடித்த கைகளே நடுங்கத் தொடங்கின. இடைவிடாத உடற்பயிற்சியாலும், 1959, 1961-ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட அறுவை சிகிச்சைகளாலும் நோயோடு போராடினார். அந்தப் போராட்டத்தை மறைக்காமல், உடன் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட் தம்மைப் படமெடுத்து வெளியிட இசைந்தார். பிறர் துன்பத்தை உலகுக்குக் காட்டிய அவர், தம் துன்பத்தையும் காட்டத் தயங்கவில்லை. 1963-இல் தன்வரலாறு எழுதினார். 1971 ஆகஸ்டு 27-இல், 67-ஆம் வயதில் மறைந்தார்.

அன்புத் தோழியரே! ‘இது பெண்களுக்கு ஏற்ற இடமன்று’ என்ற சொல்லுக்கு மார்கரெட் வாயால் விடை கூறவில்லை. வேலையால் விடை கூறினார். நாமும் அவ்வாறே கூறலாம். அத்துடன், ஒரு படத்தைப் பார்க்கும்போது அதை எடுத்தவர் எங்கே நின்றார், அதில் இருப்பவர் என்ன சொல்ல விரும்பியிருப்பார் என்று கேட்கவும் பழகுவோமாக.