21-ஐக் கழட்டி 19 போட்டால்: முன் டயரும் டிரெயில் கணக்கும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-க்கு முன்சக்கரம் 21 இன்ச். அதே இன்ஜினோட, கிட்டத்தட்ட அதே சேஸிஸ்ல 2022-ல் வந்த ஸ்கிராம் 411-க்கு 19 இன்ச். ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவங்களுக்கு ஒரு ஆசை வரத்தான் செய்யும். நம்ம ஹிமாலயன்லயும் 19 போட்டுட்டா என்ன? ரோட்டு டயர் வகைவகையா கிடைக்கும், முன்பக்கம் கொஞ்சம் தணியும், ஊருக்குள்ள வளைச்சு ஓட்ட லேசா இருக்கும்.

எல்லாம் சரிதான். ஆனா இதுல மாறுறது டயர் மட்டும் இல்ல. வண்டியோட ஸ்டீரிங் ஜியோமெட்ரியே மாறுது. எவ்வளவு மாறுதுன்னு ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட திரிகோணமிதி போதும்.

ஹிமாலயனின் முன் டயர் 90/90-21. அகலம் 90 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 81 மி.மீ. ரிம் 21 இன்ச், அதாவது 533 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் 695 மி.மீ. ஸ்கிராமின் 100/90-19 இதே கணக்கில் 663 மி.மீ. ஆரத்தில் வித்தியாசம் 16 மி.மீ. கட்டைவிரல் அகலம்கூட இல்ல.

அந்த 16 மி.மீ. ரெண்டு வேலை பார்க்குது. அதைப் புரிஞ்சுக்க டிரெயில் என்றால் என்னன்னு தெரியணும். ஹேண்டில் திரும்புகிற அச்சை அப்படியே ஒரு கோடா தரை வரைக்கும் நீட்டுங்க. அது தரையைத் தொடுற இடம், டயர் தரையைத் தொடுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால இருக்கும். இந்த இடைவெளிதான் டிரெயில். ஆபீஸ் நாற்காலியோட சக்கரம் நாம தள்ளுற திசைக்குத் தானா திரும்பிக்குதே, அதே விஷயம். டிரெயில் அதிகமானா வண்டி நேரா போக விரும்பும். குறைஞ்சா ஹேண்டில் லேசாகும், அதோட பதற்றமும் கூடும்.

கணக்குக்காக ஸ்டீரிங் சாய்வு 26 டிகிரி, ஆஃப்செட் 45 மி.மீ. என்று வச்சுக்குவோம். 21 இன்ச் சக்கரத்தில் டிரெயில் சுமார் 120 மி.மீ. வருது. சாய்வை மாத்தாம ஆரத்தை மட்டும் குறைச்சா 111 அல்லது 112 ஆகுது. இது முதல் வேலை. ரெண்டாவது, முன்பக்கம் 16 மி.மீ. இறங்குறதால வண்டியே முன்னோக்கிக் குனியுது. ஹிமாலயனின் வீல்பேஸ் 1465 மி.மீ., அதனால குனிவு முக்கால் டிகிரிக்கும் குறைவு. ஆனா ஸ்டீரிங் அச்சும் அதே அளவு நிமிர்ந்துடும். ரெண்டையும் சேர்த்தா டிரெயில் 107. பத்து சதவீதத்துக்கு மேல போயிடுச்சு.

நின்ன நிலையில இது பெரிசா தெரியாது. பலமா பிரேக் பிடிக்கும்போதுதான் கதை வேற. ஃபோர்க் 100 மி.மீ. அமுங்கினா, பின்பக்கம் தூக்குறதைச் சேர்க்காமலேயே, பழைய சக்கரத்தில் டிரெயில் 95 பக்கம் வரும். புதுசில் 85. நெடுஞ்சாலையில லாரிக்குப் பின்னால திடீர்னு பிடிக்கிற நேரம் அது. ஹேண்டில் நிதானமா இருக்கணும்னு நாம எதிர்பார்க்கிற நேரத்தில், கையிருப்பு குறைஞ்சிருக்கு. போதாக்குறைக்கு, சக்கரம் சின்னதானதால அதே டிஸ்க், அதே விரல் அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கிற பிரேக் விசை 5 சதவீதம் கூடும். பெரிய சக்கரம் சுழலும்போது இருக்கிற உறுதியும் குறையுது.

டிரெயில்தான் எல்லாமும்னு சொல்ல வரல. 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஓட்டவே முடியாத சைக்கிளைச் செய்யப் பார்த்தார். எதிர்த்திசையில் சுத்துற இன்னொரு சக்கரத்தை மாட்டி, சுழற்சியால வர்ற உறுதியை அடிச்சுப் போட்டார். அப்பவும் சைக்கிளை ஓட்ட முடிஞ்சது. முன்சக்கரத்தை இன்னும் முன்னால தள்ளி டிரெயிலைக் கெடுத்த பிறகுதான் ஓட்டுறது பெரும்பாடாச்சு. அப்புறம் 2011-ல் வேறொரு குழு, டிரெயிலும் சுழற்சி உறுதியும் ரெண்டுமே இல்லாம தானா நிமிர்ந்து ஓடுற ஒரு சைக்கிளைச் செய்து காட்டியது. ஆக, எடை எங்கே இருக்குங்கிறதும் பேசும். ஆனா நம்ம வண்டியில எடையெல்லாம் இருந்த இடத்திலயே இருக்கு. நாம கை வச்சது டிரெயில்ல.

சரி, சஸ்பென்ஷனை வச்சு இதைச் சரிபண்ண முடியுமா? பாதி முடியும். பாதிகூட இல்ல, மூணுல ஒரு பங்கு.

டிரிபிள் கிளாம்ப் போல்டைத் தளர்த்தி ஃபோர்க் குழாய்களை 18 மி.மீ. கீழே இறக்கினா, முன்பக்கம் பழைய உயரத்துக்கு வந்துடும். சாய்வும் 26-க்குத் திரும்பும். டிரெயில் 107-லிருந்து 111 பக்கம் ஏறும். மீதி 8 மி.மீ. ஆரத்தோட போனது. அதைத் திரும்பக் கொண்டுவர ஆஃப்செட் குறைவான வேற கிளாம்ப் வேணும். இன்னொரு சிக்கல், குழாயின் மேல்முனை ஏற்கெனவே கிளாம்ப்புக்குச் சமமா இருந்தா இறக்கவே இடம் கிடையாது. கிளாம்ப் முழுசா பிடிக்காத குழாயோட ஓட்டுறது விபரீதம்.

பிரீலோடை ஏத்தி உயரம் வாங்கலாம்னு சிலர் சொல்வாங்க. அட்ஜஸ்டர் இல்லாத ஃபோர்க்ல ஸ்பேசர் போடணும். போட்டாலும் ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டி நிக்கிற உயரம்தான் மாறும். அதுவும் சும்மா வராது. சக்கரம் குழிக்குள்ள இறங்குறதுக்குன்னு ஃபோர்க்ல இருக்கிற இடத்தைத் தின்னுடும். பிரேக்ல குனியறதைக் குறைக்கணும்னா கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கும் அதுக்கேத்த எண்ணெயும்தான் வழி.

கம்பெனி என்ன பண்ணியிருக்குன்னு பாருங்க. ஸ்கிராம்ல முன் சஸ்பென்ஷன் நகர்வு 200-லிருந்து 190 மி.மீ. ஆச்சு. வீல்பேஸ் 1455. தரை இடைவெளி 220-லிருந்து 200. ஒரு சக்கரத்தை மாத்த இத்தனையையும் தொட்டிருக்காங்க. வெறும் சக்கரத்தை மட்டும் வாங்கி மாட்டுறவருக்கு இதுல ஒண்ணும் கூட வராது.

19-க்கு மாறினா குழியில அடி பலமா விழும்னு ஒரு பயம் உண்டு. இது கொஞ்சம் மிகை. 50 மி.மீ. உயரப் படி ஒன்றில் மோதினா 21 இன்ச் சக்கரத்துக்கு மோதுற கோணம் 31 டிகிரி, 19-க்கு 32. 90/100-10 டயர் போட்ட ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 40. கல்லு மேல ஏறுறதுக்கு 21 நல்லதுதான், ஆனா தார்ச்சாலைக் குழியில இந்த ஒரு டிகிரியை யாரும் உணரப் போறதில்ல.

விட்டம் மாறாம அகலம் மட்டும் மாறுறது வேற கணக்கு. 80/100-17, 100/80-17 ரெண்டுக்கும் விட்டம் ஒண்ணேதான், 592 மி.மீ. உயரமும் டிரெயிலும் மாறாது, அதனால கடையில "தாராளமா போடலாம் அண்ணே"ன்னு சொல்லிடுவாங்க. ஆனா வண்டி சாயும்போது அகலமான டயர் தரையைத் தொடுற இடம் நடுக்கோட்டை விட்டு அதிகமா விலகும். வளைவுக்குள்ள முன் பிரேக்கைத் தொட்டா வண்டி நிமிர்ந்து வெளியே ஓடப் பார்க்கும். ரிம் குறுகலா இருந்தா டயரின் வாய் நெருக்கிப் பிடிக்கப்பட்டு, டயரின் வளைவு வடிவமும் கெட்டுடும்.

எதிர்ப்பக்கம் போய், 17-ஐக் கழட்டிப் பெரிய சக்கரம் போடுறவங்க ஒண்ணு செஞ்சே ஆகணும். ஃபோர்க் ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, ஃபோர்க்கைக் கடைசி வரைக்கும் அமுக்கி, டயர் மட்கார்டுலயோ கீழ் கிளாம்ப்லயோ சைலன்சர் குழாய்லயோ முட்டுதான்னு பார்க்கணும். நிக்கிறப்ப இருக்கிற இடைவெளியை நம்பக்கூடாது.

ஏபிஎஸ் இருக்கிற வண்டியில முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒரு பெட்டி ஒப்பிட்டுக்கிட்டே இருக்கு. முன்சக்கரம் 5 சதவீதம் சின்னதானா அது எப்பவும் வேகமா சுத்துறதா அந்தப் பெட்டிக்குத் தெரியும். விளக்கு எரியலாம், எரியாமலும் போகலாம். ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து அளவு எடுக்கிற வண்டின்னா 80-ல் போகும்போது 84 காட்டும்.

மாத்தின பிறகு ஹேண்டில் ஆடுதுன்னா, டயரைத் திட்டுறதுக்கு முன்னாடி முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி கோன் செட்டைப் பாருங்க. தளர்ந்தோ நடுவுல பள்ளம் விழுந்தோ இருந்தா, 120 டிரெயில் அதை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கும். 107 மறைக்காது.