புரொஜெக்டரின் மறைவான மெனுவுக்குள் போகலாமா?

மட்டக்களப்பில் வீட்டுச் சுவரிலேயே படம் பார்ப்பது இப்போது புதினமில்லை. கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த உறவினர் கொண்டுவந்த புரொஜெக்டர் ஒன்று, கிரிக்கெட் நாளென்றால் முற்றத்தில் கட்டிய வெள்ளைத் துணி, இவ்வளவும் போதும். இரண்டு மூன்று வருடம் போனதும் படம் மங்கும், நிறம் மஞ்சளாகச் சாயும். அப்போது யாராவது சொல்வார்: "றிமோட்டில் இந்தப் பட்டன்களை வரிசையாக அமத்து, உள்ளே இன்னொரு மெனு இருக்கு." அவர் சொல்வது உண்மைதான். அதற்குள் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை அறிந்துகொண்டு அமத்துங்கள்.

அது என்ன மெனு? அதன் பெயர் சர்வீஸ் மெனு (தொழிற்சாலையும் திருத்துகிறவரும் மட்டும் பாவிக்கும் மறைவான அமைப்புப் பக்கம்). நீங்கள் வழக்கமாகத் திறக்கும் மெனுவில் வெளிச்சம், நிறம் என்று எதை எவ்வளவு கூட்டிக் குறைத்தாலும் இயந்திரம் பழுதாகாது. ஆபத்தில்லாத எல்லைக்குள்ளேயே அந்த எண்கள் நகரும். மறைவான மெனுவில் அந்த எல்லை பெரும்பாலும் இருக்காது. விளக்கமும் இருக்காது, சுருக்கெழுத்துகளும் எண்களும் மட்டும் வரிசையாக நிற்கும்.

அதே மொடல் வைத்திருக்கும் நண்பரிடம் எண்களைக் கேட்டுப் போடலாம்தானே? போடக்கூடாது. ஒரே மொடலாக இருந்தாலும் இரண்டு புரொஜெக்டர்கள் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதில்லை. எப்சன் போன்றவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனிப் படத்தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் சிறு வேறுபாடு உண்டு. தொழிற்சாலையில் அதை அளந்து, அந்த ஓர் இயந்திரத்துக்கென்றே திருத்தம் கணித்து, ஈப்ரொம் (கரண்ட் போனாலும் அழியாத சிறு நினைவகம்) ஒன்றில் எழுதி அனுப்புகிறார்கள். நண்பரின் எண்ணைப் போடுவது அண்ணனின் மூக்குக் கண்ணாடியை வாங்கி நீங்கள் மாட்டிக்கொள்வது மாதிரி.

சரி, பிழைத்தால் றீசெட் பண்ணலாம்தானே? அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாதாரண மெனுவிலுள்ள றீசெட் உங்கள் விருப்பங்களை மட்டும் அழிக்கும். மறைவான மெனுவின் றீசெட், பல மொடல்களில், உங்கள் இயந்திரத்துக்கென்று அளந்து எழுதிய எண்களையே அழித்துவிட்டு பொதுவான எண்களை எழுதிவிடும். பிறகு படத்தின் ஒரு மூலை பச்சையாகவும் மறுமூலை ஊதாவாகவும் தெரியலாம். பழைய எண்களை மீட்க அளவுக் கருவியும் கம்பனியின் மென்பொருளும் வேண்டும். இரண்டும் சாதாரணத் திருத்துகடையில் கிடைப்பவையல்ல.

நிறம் கெட்டால் சகித்துக்கொள்ளலாம். அதைவிட மோசமானவை உண்டு. ‘வீகொம்’ என்று ஒரு வரி இருக்கும் (படத்தகட்டுக்குப் போகும் மின்னழுத்தத்தின் நடுப்புள்ளி). படத்தகட்டிலுள்ள திரவப் படிகத்துக்கு மின்னழுத்தம் திசை மாறி மாறிப் போகவேண்டும். நடுப்புள்ளி விலகினால் முதலில் படம் துடிக்கும். அப்படியே மணிக்கணக்கில் ஓடவிட்டால் பழைய காட்சியின் நிழல் தகட்டில் தங்கத் தொடங்கும்.

பென்கியூ, ஒப்டோமா வகைகள் பலவற்றில் வேகமாகச் சுழலும் நிறச் சில்லு இருக்கும். சில்லும் படச் சிப்பும் எந்தக் கணத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பதும் ஓர் எண்தான். அது தவறினால் முகத்தின் நிறமே மாறித் தெரியும்.

விலை குறைந்த அன்ட்ரொயிட் புரொஜெக்டர்களில் வேறொரு பொறி. உள்ளே எந்தப் படத்தகடு இருக்கிறது என்று சொல்லும் எண் ஒன்று அங்கே உண்டு. அதை மாற்றினால் திரை கறுத்துவிடலாம். திரை கறுத்தால் மெனுவும் தெரியாது, திரும்பிப் போகவும் வழி தெரியாது.

மின்விசிறியின் இரைச்சலைக் குறைக்கவே பலர் உள்ளே போகிறார்கள். என்னைக் கேட்டால், தொடவே கூடாத வரி இதுதான். பெரும்பாலான புரொஜெக்டர்கள் 35 பாகை செல்சியஸ் வரையான அறைக்கே செய்யப்பட்டவை. மே, யூன் மாதங்களில் மட்டக்களப்பில் தகரம் வேய்ந்த அறை பகலில் அந்த அளவைத் தொடுவது பெரிய விசயமில்லை. அதில் விசிறியையும் மெதுவாக்கினால் ஒளி போகும் வழியிலுள்ள மெல்லிய படலங்கள் கருகி, படத்தில் மஞ்சள் கறை விழும். இரைச்சல்தான் தொல்லையென்றால் சாதாரண மெனுவிலேயே ‘எக்கோ’ இருக்கிறது. அது பல்பின் வெளிச்சத்தையும் விசிறியின் வேகத்தையும் சேர்த்துக் குறைப்பதால் சூடு ஏறாது.

பல்பு மாற்றாமல் அதன் மணிக்கணக்கை மட்டும் பூச்சியமாக்குவதும் இதே வகைதான். இந்தப் பல்புகளுக்குள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு. சிறிதளவு பாதரசமும் உண்டு. கணக்கைப் பொய்யாக்கினால் ‘மாற்று’ என்ற எச்சரிக்கை வராது. தேய்ந்த பல்பு ஒருநாள் வெடிக்கலாம். வெடித்துவிட்டால் பிளக்கைக் கழற்றி, யன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அறையைவிட்டு வெளியேறுங்கள்.

இன்னொன்றையும் நம் நாட்டில் மறக்க முடியாது. மறைவான மெனுவில் எண்ணை எழுதிக்கொண்டிருக்கும்போதோ மென்பொருளைப் புதுப்பிக்கும்போதோ கரண்ட் போனால் பாதி எழுதியபடியே நின்றுவிடும். இயந்திரம் பிறகு எழும்பாமலே போகலாம். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அது அட்டவணைப்படி வந்தது என்பீர்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையில் நாடு முழுக்க இருண்டதே, அதற்கு அட்டவணை ஏது?

அப்படியென்றால் மங்கிய படத்துக்கு என்னதான் செய்வது? எங்கள் பகுதியில் காரணம் மெனுவுக்குள் இருப்பது அபூர்வம். எழுவான்கரையில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்பும் ஈரமும் கலந்த காற்றை அந்த இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் உள்ளே இழுக்கிறது. முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். இருக்கும் தூசியைக் கண்டு நீங்களே திகைப்பீர்கள். எப்படித் துப்புரவாக்குவது என்று கையேட்டில் இருக்கும். பிறகு பல்பின் மணிக்கணக்கு. சாதாரண பல்புகளின் ஆயுள் சில ஆயிரம் மணித்தியாலங்கள்தான். முடிவை நெருங்க நெருங்க மங்குவதும் நிறம் சாய்வதும் அதன் இயல்பு.

அடுத்தது லென்ஸ். மாரி மழைக் காலத்தில் பெட்டிக்குள்ளேயே வைத்தால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். ஏசி அறையிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே ஈரம் படியும். அரை மணித்தியாலமாவது விட்டுப் போடுங்கள். காற்றுத் துவாரத்தால் பல்லி போய்ச் செத்துக்கிடப்பதும் இங்கே நடக்காததல்ல. இவை எல்லாம் சரியென்றால் சாதாரண மெனுவில் ‘சினிமா’ என்ற பட வகையைத் தெரிவுசெய்து பாருங்கள். நிறம் பற்றிய முறைப்பாடுகளில் பல அதோடு தீரும்.

உத்தரவாதம் இருக்கிறதே என்கிறீர்களா? மறைவான மெனுவில் கைவைத்தது தெரிந்தால் கம்பனி அதை மறுக்க இடமுண்டு. வெளிநாட்டில் வாங்கியதென்றால் அந்த உத்தரவாதம் இலங்கையில் பெரும்பாலும் செல்லாது. இங்கேயே வாங்கி, நீங்கள் எதையும் தொடாமலே பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குக் கதையுங்கள்.

ஏற்கனவே உள்ளே போய் ஏதோ மாற்றிவிட்டீர்களா? இன்னொரு எண்ணை மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், றீசெட்டை அமத்தாதீர்கள். மெனு தெரிகிறதென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்காமல் பட்டனால் அணைத்து, விசிறி நிற்கும்வரை விடுங்கள். திருத்துகிறவரிடம் "தானாகப் போயிட்டுது" என்று சொல்லாதீர்கள். எந்த வரியைத் தொட்டீர்கள், முன்பு என்ன எண் இருந்தது என்று நினைவிலுள்ளதை எழுதிக் கொடுங்கள். அவருடைய வேலையும் உங்கள் செலவும் அதனால் குறையும்.